திறப்பு விழா முடிந்தது, திறப்பு யாரிடம்?

ஒரு பாடசாலைக்கு ஸ்மார்ட் போட் வந்தால், பாடம் வருவதற்கு முதல் படம் வந்துவிடும். முகநூலில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாடா வெட்டுகிற அதிதி, பக்கத்தில் அதிபர், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர்கள், காசு தந்த பழைய மாணவர், நிறைகுடம், குத்துவிளக்கு, வெள்ளைச் சீருடையில் பத்துப் பிள்ளைகள். நாளைக்கு அந்தப் பலகையில் எழுதப்போகிற ரீச்சர் பெரும்பாலும் படத்தில் இருக்கமாட்டா. இருந்தாலும் ஓரத்தில், பன்னீர்ச் செம்போடு நிற்பா.

அதற்குப் பிறகு நடப்பதற்குப் படம் கிடையாது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் 'திறன் வகுப்பறை' என்று பெயர் எழுதின அறை பூட்டிக் கிடக்கும். உள்ளே பலகைக்கு மேலே ஒரு பழைய துணி. ஏன் என்று கேட்டால் மேலே இருப்பவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை." எல்லாப் பாடசாலையும் இப்படி என்று நாங்கள் சொல்லவரவில்லை. நன்றாகப் பாவிக்கிற இடங்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதோடுதான் எங்களுக்குச் சண்டை.

நாங்கள் ஐந்து பேர், கலைப்பீடத்தில் படிக்கிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மா கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறா. 24 வருடச் சேவை. வீட்டில் அன்ரி என்றுதான் கூப்பிடுவோம், இங்கே ரீச்சர் என்றே எழுதுகிறோம். போன விடுமுறையில் இரண்டு கிழமை அவவோடு அந்தப் பலகைக்கு முன்னால் நின்றோம். எங்களுக்கு இதில் இருக்கிற அக்கறை அவவுக்காக மட்டுமில்லை. கலைப்பீடத்தில் படித்து முடிக்கிறவர்களில் கனபேர் கடைசியில் எங்கே போகிறோம் என்பது ஊருக்கே தெரியும். பட்டதாரி ஆசிரியர் நியமனம் எப்ப வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம் நாங்கள். இன்றைக்கு ரீச்சருக்கு 'ஆர்வமில்லை' என்று எழுதுகிற அதே பேனா நாளைக்கு எங்களுக்கும் எழுதும்.

முதலில் பயிற்சி. அது ஒரு சனிக்கிழமை காலை, அரை நாள். மூன்று பாடசாலை ஆசிரியர்கள், பலகை ஒன்று. நடத்தினவர் பலகையை விற்ற நிறுவனத்தின் ஆள். நல்ல மனிசன், பொறுமையாகச் சொன்னார் என்றுதான் ரீச்சர் சொன்னா. பேனாவின் நிறத்தை மாற்றுவது, பூகோளத்தைச் சுழற்றுவது, சரியான விடைக்கு வாணவேடிக்கை காட்டுவது எல்லாம் செய்து காட்டியிருக்கிறார். கேள்வி நேரத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். "எல்லாம் வடிவாத்தான் இருந்தது பிள்ளை. ஆனா நாளைக்குத் தரம் பத்துக்கு இதில எதை எடுக்கிறது எண்டுதான் விளங்கேல்ல. அதை அவரிட்டக் கேக்கவும் ஏலாது, அவருக்குப் புவியியல் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்தில் பயிற்சித் திட்டம் முழுவதன் ஓட்டையும் இருக்கிறது. பலகையைத் தெரிந்தவருக்குப் பாடம் தெரியாது, பாடம் தெரிந்தவருக்குப் பலகை தெரியாது. இரண்டையும் ஒரே மேசையில் இருத்த யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

பிறகு வகுப்பில் முதல் நாள். எழுத எழுத நடுவில் ஒரு கோடு தானாக ஓடியது. ரீச்சர் அழித்தா, திரும்பவும் ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள். பதினைந்து நிமிடத்தில் அவ வெண்கட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

அந்தக் கோடு என்ன என்று பிறகுதான் தெரிந்தது: சேலைத் தலைப்பு. இங்கே வருகிற பெரிய தொடுபலகைகளில் கனக்க செங்கீழ்க் கதிரில் வேலை செய்பவை. கண்ணாடியைச் சுற்றியிருக்கிற சட்டத்தில் ஒரு பக்கம் நுண்ணிய விளக்குகள், எதிர்ப்பக்கம் அவற்றை உணரும் கருவிகள். கண்ணாடிக்கு மேலால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை போட்டமாதிரி கதிர்கள் ஓடும். எந்த இடத்தில் கதிர் மறிக்கப்படுகிறதோ அந்த இடத்தில் ஒரு விரல் இருக்கிறது என்று பலகை நினைத்துக்கொள்ளும். அதுக்குச் சேலைத் தலைப்பும் விரல்தான், பல்லியும் விரல்தான். சட்டத்தில் புழுதி படிந்தாலும், அரைச்சுவர் வகுப்பறைக்குள் வெயில் நேராக அடித்தாலும் அது குழம்பும். வன்னியில் புழுதியும் வெயிலும் இல்லாத பாடசாலை எது?

அதைவிடப் பெரிய சிக்கல் கை. 24 வருடமாகக் கரும்பலகையில் எழுதின கை, உள்ளங்கையின் ஓரத்தைப் பலகையில் ஊன்றித்தான் எழுதும். இந்தப் பலகையில் ஊன்றினால் அது இரண்டாவது தொடுகை, சில நேரம் அழிப்பான். வெண்கட்டி கரும்பலகையில் உரசுகிறபோது கைக்கு ஒரு பிடி இருக்கும், கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும். 'ழ' வின் சுழியும் 'ஞ' வின் வளைவும் கோணலாகிப் போகின்றன. புள்ளி? மெல்லமாகத் தட்டின புள்ளியைப் பலகை சில நேரம் கணக்கெடுக்காது. 'சமவுயரக் கோடு' என்று எழுத 'சமவுயரக கோடு' என்று நிற்கும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று அதைச் செய்தவனுக்குத் தெரியாதுதானே. ரீச்சரின் கரும்பலகை எழுத்து அந்தப் பாடசாலையில் பேர்பெற்றது. விழா மேடைப் பதாதைக்கு எழுதவும் அவவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த எழுத்து பிள்ளைகளுக்கு முன்னால் முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துமாதிரி விழுந்தது. இதற்கு வெட்கப்படுவதை 'ஆர்வமில்லை' என்று பதிவது எந்த ஊர் நியாயம்?

வயதானவர்கள் தொழில்நுட்பம் பழகமாட்டார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. எங்கட தலைமுறைக்கு அந்தக் கதை பிடிக்கும், எங்களைக் கெட்டிக்காரர் ஆக்குவதால். ஆனால் 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினபோது என்ன நடந்தது? அதே ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் வகுப்புக் குழு தொடங்கினார்கள், குறிப்புகளைப் படம் எடுத்துப் போட்டார்கள், குரல் பதிவில் விளக்கம் அனுப்பினார்கள், சூமில் வகுப்பு எடுத்தார்கள். சிக்னல் இல்லாத பிள்ளைக்குத் தனியாக இரவு பத்து மணிக்குத் திரும்ப அனுப்பினார்கள். எங்கட ரீச்சருக்கு யாரும் அரை நாள் பயிற்சி தரவில்லை, நாடா வெட்டவில்லை. இரண்டு கிழமைக்குள் பழகிவிட்டா.

அப்ப போனுக்கும் பலகைக்கும் என்ன வித்தியாசம்? போன் அவவுடையது. இரவில் அடுப்படி வேலை முடிந்த பிறகு, கதிரையில் இருந்து, பிழையான பொத்தானை அமத்தி, திரும்ப வந்து, இன்னொன்றை அமத்திப் பார்க்கலாம். பிழைவிட்டால் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. பலகையில் பிழைவிட அவவுக்குக் கிடைக்கிற ஒரே நேரம் 40 நிமிடப் பாடவேளை, 38 பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால். அப்படி ஒரு இடத்தில் நீங்கள் சைக்கிள் பழகுவீர்களா?

தமிழில் எங்களுக்கு ஒரு வசதி, 'திறப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து. திறப்பு விழா ஊரறிய நடந்தது. அறையின் திறப்பு அலுவலகத்து அலுமாரிக்குள் இருக்கிறது. அதிபரையும் முழுக்கக் குறைசொல்ல ஏலாது. பலகை இன்வென்ரரிப் புத்தகத்தில் ஏறின பொருள். வருட முடிவில் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு அது பழுதில்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதில் எத்தனை பாடம் நடந்தது என்று கேட்க ஒரு நிரல் கிடையாது. பாவித்து உடைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பாவிக்காமல் துணி போட்டு மூடினால் ஒரு கடிதமும் வராது. இந்த ஒழுங்குக்குள் இருக்கிற எந்தப் புத்தியுள்ள மனிதரும் துணியைத்தான் தெரிவு செய்வார். "உடைஞ்சா ஆர் பொறுப்பு?" என்பதுதான் ஆசிரியர் அறையில் முதலாவதாகக் கேட்கப்படுகிற கேள்வி, இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் போவதில்லை.

ரீச்சருக்கு வாய்த்தது ஒரு நல்ல உபஅதிபர். செவ்வாயும் வியாழனும் ஒன்றரைக்குப் பாடசாலை விட்ட பிறகு திறப்பைத் தாறன், மூன்று மணிக்குள் பூட்டிக் கொண்டுவந்து தாங்கோ என்றார். சுற்றறிக்கை ஒன்றும் இல்லை, ஒரு மனிதரின் நல்ல மனம்தான். பாடசாலை விட்ட பிறகு நிற்பது என்றால் பஸ் போய்விடும், மத்தியானச் சமையல் பிந்தும், வீட்டில் வயதான மாமி பசியோடு இருப்பா. எங்கட நாட்டில் ஆசிரியர்களில் பெரும்பான்மை பெண்கள். 'பின்னேரத்தில் நின்று பழகலாம்தானே' என்று சொல்லுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

அந்த இரண்டு கிழமையில் எங்களை அதிகம் மினக்கெடுத்தியது பலகை இல்லை, பாமினி.

ரீச்சரிடம் பதினொரு வருடத்துக் கோப்புகள் இருந்தன. குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள், அட்டவணைகள். எல்லாம் பாமினி எழுத்துருவில், கொம்யூனிகேஷன் கடையில் காசு கொடுத்து அடித்தவை. பென் ட்ரைவைக் கொண்டுபோய்ப் பலகையில் செருகினால் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டியது. பயிற்சிக்கு வந்தவர் ஃபைல் பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பழுதாகவில்லை. பாமினியில் நீங்கள் அடிப்பது கணினிக்கு ஆங்கில எழுத்துதான், அதற்கு மேல் தமிழ் முகமூடி ஒன்றைப் போடுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. புள்ளி இருக்கிற இடம் அரைப்புள்ளி விசை, அதுதான் அத்தனை அரைப்புள்ளி. பலகைக்குள் இருப்பது அன்ட்ரொயிட், அதில் பாமினி இல்லை, முகமூடி கழன்றுவிட்டது. அவ்வளவுதான் விசயம். இது தெரியாததால் ஓர் ஆசிரியர் தன்னுடைய பதினொரு வருட உழைப்பு அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்காக இருந்திருக்கிறா.

தொடுபலகையை ஸ்மார்ட் போட் என்ற பெயரில் கனடா நிறுவனம் ஒன்று வெளியிட்டது 1991 இல். தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட யுனிகோட்டின் முதற்பதிப்பும் அதே 1991 இல்தான் வந்தது. இரண்டும் ஒரு வயது. ஆனாலும் எங்கட பாடசாலைகளில், அச்சகங்களில், ஏன் சில அலுவலகங்களில் இன்றும் பாமினிதான் ஓடுகிறது. யாரையும் பழிசொல்லிப் பயனில்லை, கை பழகிவிட்டது. சிங்கள ஆசிரியர்களுக்கும் எஃப். எம். அபய போன்ற பழைய எழுத்துருக்களோடு இதே தலையிடி இருக்கிறது. ஆனால் ஒரு ஸ்மார்ட் போட் பயிற்சியில், தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் நிறைந்த ஓர் அறையில், முதல் அரை மணித்தியாலம் பேசவேண்டிய விசயம் இதுதான். அன்றைக்குப் பூகோளம் சுழன்றது, இது பேசப்படவில்லை.

நாங்கள் இருந்து மாற்றினோம். மாற்றித்தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பந்திகள் உடனே மாறும். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் அதுவும் தமிழாகிப் பேய்மொழி பேசும், அட்டவணைகள் கலைந்துபோகும். ஐந்து பேரும் இருந்து நான்கு நாளில் மூன்று வருடத்துக் கோப்புகளைத்தான் முடிக்க முடிந்தது. தனியாக ஒரு ரீச்சர், வீட்டு வேலைக்கு நடுவில்? நினைத்துப் பாருங்கள்.

இனி நல்ல விசயம்.

புவியியல் பாடத்தில் 1:50,000 இடவிளக்கப் படம் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். நில அளவைத் திணைக்களத்தின் படம் அது, 20 மீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு. நெருங்கின கோடு செங்குத்துச் சரிவு, விலகின கோடு மென்சரிவு என்று பாடமாக்கிச் சொல்லுவார்கள், ஆனால் படத்தில் ஒரு மலையைக் காணமாட்டார்கள். கிளிநொச்சிப் பிள்ளை மலையை எங்கே கண்டது? கண்ணுக்கெட்டின தூரம் வயலும் பனையும். இவ்வளவு காலமும் ரீச்சர் உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டித்தான் காட்டினவ. அது நல்ல வழிதான், இப்பவும் விடவில்லை. ஆனால் நாற்பது பேருக்கு ஒரு கிழங்கு.

அவ செய்தது இதுதான். மலைநாட்டுப் பக்கத்துப் படத்துண்டு ஒன்றை ஸ்கான் பண்ணி, பவர்பொயின்றில் ஏழு ஸ்லைட் செய்தா. முதலாவதில் வெறும் படம். இரண்டாவதில் பள்ளத்தாக்கின் ஆகக் கீழான சமவுயரக் கோடு வரைக்கும் நீல நிறம். மூன்றாவதில் அடுத்த கோடு வரைக்கும். இப்படியே ஏழு வரை. அனிமேஷன் இல்லை, சத்தம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. இரண்டு இரவு மகளின் லப்டொப்பில் இருந்து நீலம் தீட்டினா. வகுப்பில் முதல் ஸ்லைட்டைப் போட்டுக் கேட்டா: "இந்தப் பள்ளத்துக்குள்ள தண்ணி வந்து 20 மீற்றர் ஏறினா எதெது தாழும்? ஒராள் வந்து கீறுங்கோ." ஒரு பெடியன் வந்து பலகைப் பேனாவால் கோடு கீறினான். கோடு இரண்டு சமவுயரக் கோட்டை வெட்டிக்கொண்டு போனது. அடுத்த ஸ்லைட். நீலம் வந்தது, அவன் கீறினதுக்கும் நீலத்துக்கும் பொருத்தமில்லை. வகுப்பே கத்தியது. "திரும்பப் போங்கோ ரீச்சர்." தண்ணி வடிந்தது. இன்னொரு பிள்ளை வந்து கீறியது.

மூன்றாம் தரம் தண்ணி ஏறினபோது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை சொன்னாள்: "ரீச்சர், இது மாரியில எங்கட குளம் நிரம்புற மாதிரி." ரீச்சர் அப்படியே நின்றுவிட்டாவாம். குளக்கரையில் வளர்ந்த பிள்ளைகள். மாரியில் தண்ணி எந்த ஆலமரம் வரைக்கும் வரும், கோடையில் எந்தக் கல்லு வரைக்கும் வற்றும் என்று நடந்து பார்த்தவர்கள். ஒவ்வொரு மாதமும் தண்ணி நிற்கிற விளிம்பு ஒவ்வொரு சமவுயரக் கோடு. இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இவ்வளவு காலமும் காணாத மலையைக் காட்டி இதைப் படிப்பித்திருக்கிறோமே என்று அன்று பின்னேரம் எங்களுக்குச் சொல்லிச் சிரித்தா.

இதில் பலகையின் பங்கு எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால் பாதிக்கும் குறைவு. கேள்வி ரீச்சருடையது, குளம் அந்தப் பிள்ளையுடையது. ஆனால் தண்ணியை ஏற்றி, வடித்து, திரும்ப ஏற்றுவதைக் கரும்பலகை செய்யாது. ஒருக்கால் நீல வெண்கட்டி பூசினால் பூசினதுதான். பிழையாகக் கீறின கோட்டையும் சரியான கோட்டையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவும் அதில் ஏலாது. இன்னுமொன்று, அன்றைக்கு வராத மூன்று பிள்ளைகளுக்கு மறுநாள் அதே கோடுகளை அப்படியே திறந்து காட்டினா. கரும்பலகையில் மணி அடித்ததும் எல்லாம் டஸ்டருக்குள் போய்விடும்.

'ஊடாடும் பலகை' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் ஊடாடுவது? 38 பிள்ளைகள், 40 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே பாடவேளை முடிந்துவிடும். போனில் விடையளிக்கிற கஹூட் மாதிரி விளையாட்டுகள் இருக்கின்றன, ஆனால் எங்கட பாடசாலைகளுக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரக்கூடாது. ரீச்சர் அதற்கு ஆளுக்கு நான்கு கடதாசி மட்டை வெட்டிக் கொடுத்தா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பலகையில் வினா வந்ததும் மட்டையைத் தூக்கவேண்டும். ஒரு பார்வையில் யாருக்கு விளங்கவில்லை என்று தெரிந்துவிடும். எங்களுக்குப் பட்டது, முழு வகுப்பும் ஊடாடினது அந்த மட்டையோடுதான்.

பிள்ளைகள் உதவுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். பேனா நிறம் மாறாவிட்டால், திரை உறைந்தால், "ரீச்சர், இதை அமத்துங்கோ" என்று ஒரு பெடியன் எழும்பி வருவான். முதல் இரண்டு நாளும் அவவுக்கு அது குத்தியது. பிறகு அவனையே பலகைக்குச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிட்டா. இதில் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்தியவர் ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரப் பார்த்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரைக்கும் போனது. எங்கட மணல் எழுத்து கப்பல் ஏறின கதை என்று பெருமைப்படலாம். ஆனால் புதுக் கருவி வரும்போது ஆசிரியரைத் தாண்டிப்போவது எவ்வளவு பழைய பழக்கம் என்றும் அதே கதை சொல்லுகிறது. ஏன் ஒத்துவரவில்லை என்று அந்த ஆசிரியர்களிடம் யாராவது இருந்து கேட்டார்களா?

இதைப் பணக்கார நாடுகளும் செய்து பார்த்தவைதான். 2003, 2004 ஆண்டுகளில் இங்கிலாந்து அரசாங்கம் இலண்டன் இடைநிலைப் பாடசாலைகளுக்கு இந்தப் பலகைகளை வாங்கக் காசு கொடுத்தது. 2007 இல் வெளிவந்த மதிப்பீடு, மாணவர் பெறுபேறுகளில் குறிப்பிடத்தக்க உயர்வைக் காணவில்லை. அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லரி கியூபன் 1986 இலேயே 'ரீச்சர்ஸ் அன்ட் மெஷின்ஸ்' என்ற புத்தகத்தில் சினிமா, வானொலி, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வட்டத்தைக் காட்டினார்: பெரிய வாக்குறுதி, கொஞ்சப் பாவனை, கடைசியில் ஆசிரியர் மேல் பழி. எங்களுக்கு இந்தப் படம் புதிதில்லை. மகிந்தோதய ஆய்வுகூடங்களில் கணினிகள் வந்த காலத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகள். கணினி அறைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய், தொடாமல் பார்த்துவிட்டு வந்தது எங்களில் இரண்டு பேருக்கு ஞாபகம் இருக்கிறது.

'மலசலகூடம் இல்லாத பாடசாலைக்கு ஸ்மார்ட் போட் எதற்கு' என்று கேட்பவர்களோடு எங்களுக்குப் பெரிய பிணக்கில்லை. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. ஆனால் பலகை ஏற்கெனவே சுவரில் மாட்டியாகிவிட்டது. இனி அதைத் துணிபோட்டு மூடுவதா, பாடம் நடத்துவதா என்பதுதான் மிச்சம்.

நாங்கள் கேட்பது பெரிய காசு விசயமில்லை. பலகை வந்த பாடசாலையில், ஒரு தவணைக்கு, விருப்பமான ஆசிரியர் நான்கு பேருக்குக் கிழமையில் இரண்டு பாடவேளையை நேரசூசியில் எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் இல்லாத வெறும் அறையில் பிழைவிட்டுப் பழக. பின்னேரத்தில் இல்லை, பாடசாலை நேரத்துக்குள். அந்த நேரத்துக்குத் திறப்பு அவர்களின் கையில் இருக்கட்டும். பாடத்துக்காகப் பாவித்துப் பழுதானால் ஆசிரியரிடம் அறவிடமாட்டோம் என்று ஒரு கடிதம், அதிபரோ வலயமோ கையெழுத்து வைத்து. பயிற்சியைப் பாட ஆசிரிய ஆலோசகர்கள் நடத்தட்டும், நிறுவனத்து ஆள் பக்கத்தில் நின்று பொத்தானைக் காட்டட்டும். புலத்திலிருந்து காசு அனுப்புகிற சங்கங்களிடம் ஒன்று: அடுத்த பலகைக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கை எடுத்து, அந்தப் பாடசாலை ஆசிரியர்களின் பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்ற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுங்கள். அதில் நாடா வெட்ட ஒன்றும் இருக்காது, தெரியும்.

எங்கட பீடத்து ஆக்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். ஸ்லைட்டை வாசித்துக்கொண்டு போகிற விரிவுரைகளில் மூன்று வருடம் இருந்துவிட்டு, நாளைக்கு வகுப்பறையில் போய் நாங்களும் அதையேதான் செய்யப்போகிறோமா? ஏழு ஸ்லைட்டில் ஒரு குளத்தை நிரப்பின ரீச்சருக்கு ஒரு வார்ப்புருவும் தெரியாது. அவவிடம் போய் இருந்து பார்க்க எங்களுக்கு எந்தப் பாடநெறியிலும் இடமில்லை.

ரீச்சர் இப்ப அடுத்த பாடத்துக்கு வந்துவிட்டா. மலைநாட்டுப் படம் போதுமாம், இரணைமடு வருகிற 1:50,000 படத்தைப் பெரிதாக, கோடுகள் தெளிவாகத் தெரிகிறமாதிரி ஸ்கான் பண்ணித் தரவேண்டுமாம். எங்கட பல்கலைக்கழகத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். வியாழக்கிழமைக்கு முதல் வேண்டும், அன்றைக்குத்தான் திறப்பு கிடைக்கும்.